ரங்கூனில் விட்டுப்போன பதில்

யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஆனால் முக்கால்வாசிக் கார்களில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். முன்னால் போகும் பஸ்ஸை முந்தவேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறது என்று டிரைவருக்குத் தெரியாது, இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். விமான நிலையத்தில் டாக்சிக்காரர் அவ்வளவு மரியாதையாக என்னை முன்சீட்டில் உட்காரவைத்த காரணம் பத்து நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. அவர் புருவத்தை உயர்த்துவார், நான் தலையாட்டுவேன், அவர் முந்துவார். நம் ஊர்த் தலையாட்டலில் ஆமாம் எது, இல்லை எது என்று நமக்கே சரியாகத் தெரியாது என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஊருக்குள் வந்து சேர்வதற்குள் குலதெய்வத்தை நாலு தடவை கூப்பிட்டுவிட்டேன்.

நான் வந்தது ஒரு ஜெர்மன் பிரபுவின் வேலையாக. சென்னையில் எனக்கு நூலகங்களுக்கு அட்டவணை போட்டுக்கொடுக்கும் தொழில். பிரபுவின் தமிழ்ப் புத்தகங்களுக்கு ஆறு வருஷமாக அட்டவணை போடுகிறேன், இன்னும் முடியவில்லை. அவருடைய பெயர் ஐந்து துண்டாக வரும். முதல் கடிதத்தில் எதை எழுதுவது எதை விடுவது என்று தெரியாமல், கொஞ்சம் கிண்டலாகவே, 'பிரபு அவர்களுக்கு' என்று எழுதிவிட்டேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

பிரபு என்றதும் மாளிகை, வேட்டை நாய், வெள்ளித்தட்டு என்று நினைத்துவிட வேண்டாம். மாளிகை உண்டு, கூரை ஒழுகுகிறது. ஒழுகாத அறைகளில் புத்தகங்கள் இருக்கின்றன, ஒழுகும் அறையில் பிரபு வாளி வைத்துக்கொண்டு இருக்கிறார். நிலத்தைத் தங்கை பார்த்துக்கொள்கிறார். வெள்ளித்தட்டுகளை ஒவ்வொன்றாக விற்றுப் பழைய தமிழ்ப் புத்தகங்களாக மாற்றிவிட்டார். குதிரை லாயத்தில் இப்போது குதிரை இல்லை, இலக்கண நூல்கள் இருக்கின்றன. மனைவி ஒருநாள், "நானா, அட்டவணையா?" என்று கேட்டாராம். பிரபு யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கேட்டிருக்கிறார். அந்த அவகாசத்திலேயே அந்த அம்மாள் கிளம்பிப் போய்விட்டார்.

பிரபுவின் தமிழைப் பற்றியும் சொல்லவேண்டும். "சௌபாக்கியவதி நிர்மலாவுக்கு அநேக ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேம லாபங்களை அறிய ஆவல்" என்றுதான் ஒவ்வொரு ஈமெயிலும் தொடங்கும். போனில் பேசினாலும் அப்படியேதான். காரணம், அவர் ஒரு தமிழரோடு உட்கார்ந்து படித்த முதல் புத்தகம், கடிதம் எழுதச் சொல்லித்தரும் ஒரு பழைய ரங்கூன் அச்சுப் புத்தகம். அந்தப் புத்தகத்துக்காகத்தான் இந்தப் பயணம்.

இளைஞனாக இருந்தபோது அவர் ஏழு நாள் விசாவில் ரங்கூனுக்கு வந்திருக்கிறார். அன்றைக்கு வெளிநாட்டுக்காரர்களுக்கு அவ்வளவுதான் கொடுப்பார்கள். வந்த இடத்தில் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அய்யாவு என்ற தமிழர் நண்பரானார். பிரபு ஊரில் அரைகுறையாகக் கற்றுவந்து பேசிய தமிழ் அய்யாவுக்குப் புரியவில்லை, அய்யாவு பேசிய வேகம் பிரபுவுக்குப் பிடிபடவில்லை. அதனால் அய்யாவுவின் கடிதப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு அதன் ஓரங்களில் எழுதி எழுதியே பேசியிருக்கிறார்கள். பிரபு பச்சை மை. அய்யாவு ஆபீஸ் ஊதாப் பென்சில்.

ஆறாம் நாள், 'தகப்பனாருக்கு எழுதும் கடிதம்' என்ற பக்கத்தின் ஓரத்தில் பிரபு ஒரு கேள்வி எழுதினார். அப்பா என்னை ஊருக்கு வந்து உருளைக்கிழங்கு நிலத்தைப் பார்க்கச் சொல்கிறார், எனக்குத் தமிழ் படிக்க ஆசை, நான் என்ன செய்யட்டும்? அய்யாவு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போனார், மறுநாள் காலையில் பதிலோடு ஹோட்டலுக்கு வருவதாகச் சொன்னார். மறுநாள் அவர் வரவில்லை. விசா முடிந்தது, பிரபு விமானம் ஏறினார். ஊருக்குப் போய் அப்பாவிடம் துணிந்து ஒரு பொய் சொன்னார். "ரங்கூனில் ஒரு பெரிய தமிழறிஞர் என்னைப் பார்த்து, நீ தமிழுக்கென்றே பிறந்தவன் என்றார்" என்றாராம். அப்பா அறிஞர்களுக்கு மரியாதை கொடுப்பவர், சரி போ என்று விட்டுவிட்டார்.

இப்போது பிரபுவுக்குக் கண் மங்கி வருகிறது. தன் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொள்கிறார். ரங்கூன் அத்தியாயத்தில் வந்து நின்றுவிட்டது. அச்சில் பொய் சொல்ல மாட்டாராம், உண்மை என்னவென்று தெரியாதாம். இந்த நேரத்தில்தான், காலமாகிவிட்ட அய்யாவுவின் பேத்தி, புத்தகத்தின் முதல் பக்கத்தில் இங்கிலீஷில் இருந்த பிரபுவின் பெயரை ஃபேஸ்புக்கில் போட்டுத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறாள். பிரபு எனக்கு எழுதினார்: "ஐம்பது வருஷம் காத்திருந்த பதிலை வாட்ஸ்அப்பில் வாங்குவது உசிதமாகத் தோன்றவில்லை. நீ நேரில் சென்று, புத்தகத்தின் முன்னால் அமர்ந்து, நிதானமாக வாசித்துச் சொல்லவும்."

இப்படித்தான் நான் பபேடான் வட்டாரத்தில் ஒரு ஹோட்டலின் ஐந்தாம் மாடிக்கு, லிஃப்ட் ஓடாத நேரமாகப் பார்த்து, பெட்டியோடு ஏறிக்கொண்டிருந்தேன். கரண்ட் எப்போது வரும் என்று கேட்டதற்கு வரவேற்பறைப் பெண் அழகாகச் சிரித்தாள். பதில் அவ்வளவுதான்.

அன்று மாலை கீழே இறங்கி அத்தோ கேட்டேன். சென்னைக் கடற்கரைப் பக்கம் பர்மாக் கடைகளில் அத்தோ தின்று வளர்ந்த திமிர் எனக்கு. கடைக்கார அம்மாள் பத்துப் பாத்திரங்களைக் காட்டி, எது வேண்டும் என்று கையால் கேட்டார். இஞ்சி, தக்காளி, டீ இலை, நூடுல்ஸ், புளிப்பாக ஏதோ ஒரு கீரை, எதைப் பிசைந்தாலும் அத்தோவாம். நூடுல்ஸைக் காட்டினேன். கையாலேயே பிசைந்து கொடுத்தார். எங்கள் கடற்கரைக்காரர்கள் வரும் வழியில் பாதியை மறந்துவிட்டு, முட்டைக்கோஸை அள்ளிப்போட்டுச் சமாளித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டேன்.

பக்கத்து டீக்கடையில் யாரோ யாருக்கோ முத்தம் கொடுக்கும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். மீசை வைத்த பெரியவர் ஒருவர் உதட்டைக் குவித்து 'ப்ச் ப்ச்' என்கிறார். பரிமாறுபவர் டீயோடு ஓடிவருகிறார். இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்களாம். திருச்சியில் என் தாய்மாமா ஹோட்டலில் யாராவது இதைச் செய்திருந்தால் டீ வந்திருக்காது, வேறு ஏதாவது வந்திருக்கும்.

இரண்டாம் நாள் காலையில் இரண்டு கிண்ணம் மொஹிங்கா, அதாவது மீன்குழம்பில் மிதக்கும் நூடுல்ஸ், சாப்பிட்டுவிட்டு, அய்யாவுவின் வீடு இருக்கும் தின்கன்ஜூனுக்குப் போனேன். அய்யாவுவின் மகள், அந்தப் பேத்தியின் அம்மா, வாசலிலேயே நின்றிருந்தார். அறுபதை நெருங்கும் வயது, கன்னத்தில் சந்தனம் போல் தனக்கா மரப்பட்டைப் பூச்சு, பூப்போட்ட லுங்கி. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். அப்பா வைத்த பெயர் மல்லிகா, பர்மிய அம்மா வைத்த பெயர் வேறு. தெருவில் எல்லாருக்கும் 'ஸாயாமா', டீச்சரம்மா.

"வாங்க தங்கச்சி, உள்ளாற வாங்க. மகாராசா சௌக்கியமா?" என்றார்.

"பிரபு அக்கா. மகாராஜா இல்லை."

"எல்லாம் ஒண்ணுதாங்கறேன். அரமனை இருக்குதுல்ல?"

வீட்டுக்குள் உயரத்தில் புத்தர், அதற்குக் கீழே முருகன், அதற்கும் கீழே ஃப்ரிட்ஜ். டீ இலை அத்தோவும் முறுக்கும் ஒரே தட்டில் வந்தன. சாப்பிட்டு முடித்ததும் மல்லிகா அக்கா கை கழுவிவிட்டு, பட்டுத்துணியில் சுற்றிய புத்தகத்தை எடுத்து வந்தார். வலக்கையால் நீட்டி, இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டபடி கொடுத்தார். மரியாதையாகக் கொடுப்பதென்றால் இங்கே அப்படித்தான். எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன்.

சிவப்பு ரெக்ஸின் அட்டை. தங்க எழுத்தில் பர்மிய மொழியில் ஏதோ பொறித்திருந்தது. 'அப்பாவின் புத்தகம்' என்று அர்த்தமாம். புத்தகம் புதுமாப்பிள்ளை போல் இருந்தது. திறந்தேன். மூன்று பக்கமும் நேராக, வழவழவென்று, அச்சிட்ட எழுத்தை ஒட்டி வெட்டியிருந்தார்கள். ஓரம் என்று சொல்ல ஒரு நகக்கீற்று மிச்சமில்லை.

"அக்கா, ஓரம் எங்கே?"

"அது ஒரே கிறுக்கலாவும் அழுக்காவும் இருந்திச்சு. மகாராசா ஆளு வர்றாங்க, கந்தலைக் காட்டலாமா? பைண்டிங் கடைல சொல்லி சுத்தமா வெட்டச் சொல்லிட்டேன். அழகா இருக்குதுல்ல?"

மல்லிகா அக்கா தமிழ் நன்றாகப் பேசுவார். படிக்கத் தெரியாது. அவர் படித்தது முழுக்கப் பர்மியப் பள்ளிக்கூடம். அப்பா கையெழுத்து அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஊதாக் கோடுகளாகத்தான். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்காகப் புத்தகத்துக்கும் குளிப்பாட்டிப் புது உடுப்பு போட்டிருக்கிறார்.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல், தட்டில் மிஞ்சியிருந்த மூன்று முறுக்கைத் தின்றேன். பிறகு சொன்னேன். அந்தக் கிறுக்கல்தான் உங்கள் அப்பாவும் பிரபுவும் ஆறு நாள் பேசிய பேச்சு, அதில்தான் அந்தப் பதில் இருந்தது. அவர் முகம் விழுந்துபோயிற்று. தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து, "எங்கப்பன் எழுத்தை நானே வெட்டிட்டேனா?" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்திருந்தது. அந்தக் கேள்வியோடு அது போயிற்று.

"வாங்க, ஊ காசிம் கடைக்குப் போவோம். அந்த மனுசன் எதையும் குப்பைல போட மாட்டாரு" என்று குடையை எடுத்தார்.

'ஊ' என்றால் இங்கே ஐயா. காசிம் பாயின் பைண்டிங் கடை என் ஹோட்டலுக்குப் பின்தெருவிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து அவர் வரும்வரை படியில் உட்கார்ந்திருந்தோம். வந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, மேஜைக்குக் கீழே ஒரு காலிச் சாக்கை இழுத்துக் காட்டினார்.

"ஸாயாமா, நம்மகிட்ட ஓதுற கிதாபும் வருது, கோயில் பாட்டுப் புஸ்தகமும் வருது, புத்தர் கோயில் பொங்கிமாரு வேதமும் வருது. வெட்டுற துண்டுல எந்தச் சாமி பேரு இருக்குமோ, யாருக்குத் தெரியும்? குப்பைல போட்டா மூணு பேருக்கும் பாவம். சாக்குல கட்டி ஆத்துக்குக் கொடுத்துருவேன். இப்பத்தான் நெறைஞ்சுது, நேத்து க்யிம்யிண்டைங் படித்துறைல டோ யின்கிட்ட கொடுத்தேன்."

டோ யின் எதிர்க்கரையிலிருந்து படகில் வாழைப்பழம் கொண்டுவந்து விற்கும் அம்மாள். மூன்று நாளுக்கு ஒருமுறை வருவார், விற்றுத் தீர்த்துவிட்டுத் திரும்பிப் போகும்போது நடு ஆற்றில் சாக்கைக் கொட்டுவார். புண்ணியம் என்று கூலி வாங்க மாட்டாராம். நாளைக் காலை பத்து மணிக்குக் கிளம்புவார் என்றார் காசிம் பாய்.

மூன்றாம் நாள் எட்டரைக்கே டாக்சி பிடித்தோம். ஒன்றரை மணி நேரம் தாராளம் என்று நினைத்தேன். டிரைவர் பாதி வழியில் ஒரு வரிசையின் வாலில் போய் நின்றார். கார்களுக்கு எரிவாயு நிரப்பும் வரிசை. முன்னால் எண்ணிப் பார்க்க முடியாத அளவு கார்கள். டிரைவர் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடினார். மல்லிகா அக்கா பர்மியத்தில் ஏதோ சொன்னார், டிரைவர் கண்ணைத் திறக்காமலேயே பதில் சொன்னார். "கோவப்பட்டா வயிறு கெட்டுப்போகும்ங்கிறான்" என்று எனக்கு மொழிபெயர்த்தார்.

இறங்கி ஒரு சைக்கா பிடித்தோம். சைக்கிளுக்குப் பக்கவாட்டில் இரண்டு இருக்கை, ஒருவர் முன்னால் பார்த்து, ஒருவர் பின்னால் பார்த்து, முதுகோடு முதுகு ஒட்டி உட்காரவேண்டும். எனக்குப் பின்னால் பார்க்கும் இருக்கை. எங்கே போகிறோம் என்று தெரியாமல், எங்கிருந்து வந்தோம் என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். மல்லிகா அக்கா முன்னால் இருந்து, "படித்துறை தெரியுது! படகு நிக்குது! ஐயோ, கயித்தை அவுக்கிறாங்க!" என்று நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டே வந்தார்.

ஓடினோம். மல்லிகா அக்கா லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு லாகவமாகத் தாவி ஏறிவிட்டார். நானும் தாவினேன். விற்காமல் மிஞ்சிய வாழைத்தார் ஒன்று என்னைத் தாங்கிக்கொண்டது. படகிலிருந்த இரண்டு பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டோ யின் ஒல்லியான மனுஷி, வாயில் சுருட்டு. மோட்டாரைப் பிடித்துக்கொண்டே கதை முழுவதையும் கேட்டார். பிறகு முடியாது என்று தலையை ஆட்டினார். ஆற்றுக்கென்று கொடுத்ததை ஆற்றுக்குத்தான் கொடுக்கவேண்டுமாம், திரும்ப எடுத்தால் கொடுத்தவருக்கும் ஆகாது, சுமந்தவருக்கும் ஆகாது. மல்லிகா அக்கா கெஞ்சினார். டோ யின் சுருட்டை எடுத்துவிட்டுப் பர்மியத்தில் ஒரு வழி சொன்னார், அக்கா மொழிபெயர்த்தார்: "நடு ஆறு வரைக்கும் தேடுங்கள். கிடைத்தால் படித்துக்கொள்ளுங்கள். படித்ததைத் திரும்பச் சாக்கில் போட்டுவிடுங்கள்."

படகின் தளத்தில் சாக்கைக் கவிழ்த்தோம். விரல் அகலத் துண்டுகள், நூற்றுக்கணக்கில். அரபி, பர்மியம், தமிழ், யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள், எல்லாம் ஒன்றாகச் சிக்கிக் கிடந்தன. காற்றில் பறக்காமல் மல்லிகா அக்கா குடையை விரித்து மறைத்துக்கொண்டார். ஊதாவைக் கண்டால் எடுத்து நீட்டினார், நான் படித்தேன். 'டீ ஆறுகிறது, முதலில் குடியுங்கள்' என்று ஒன்று. 'உங்கள் ஊரில் பனி பெய்தால் மாட்டுக்கு என்ன செய்வீர்கள்' என்று ஒன்று. 'என் மகள் உங்கள் மூக்கைப் பார்த்துப் பயந்துவிட்டாள், மன்னிக்கவும்' என்று ஒன்று. அதைக் கேட்டதும் அந்த மகள், குடைக்கடியில், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் குலுங்கினார்.

நடு ஆறு நெருங்கிவிட்டது. டோ யின் மோட்டாரின் வேகத்தைக் குறைத்தார். அப்போதுதான் ஒரு துண்டு கிடைத்தது. நெடுக மூன்று பொடி வரி, குமாஸ்தாவின் திருத்தமான எழுத்து.

'தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில். ஊருக்குப் போய்த் தகப்பனார் சொன்னபடி நிலத்தைப் பாருங்கள். உங்களுக்குத் தமிழ் வராது. ஆறு நாள் பார்த்துவிட்டேன், ஆறு வருஷம் ஆனாலும் தேறாது. உங்கள் நன்மைக்கே எழுதினேன், கோபிக்கவேண்டாம்.'

இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை எனக்கே, இரண்டாம் தடவை சத்தமாக. மல்லிகா அக்கா குடையை மடக்கினார். நான் போனை எடுத்தேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் தங்கச்சி. கெடைக்கலைன்னு சொல்லிருங்க. கண்ணு தெரியாத காலத்துல அந்த மனுசனுக்கு இது எதுக்கு?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆயுசு முழுக்கத் தமிழ், வீடு முழுக்கத் தமிழ், கடைசியில் கேட்கவேண்டியது இதுதானா? கிடைக்கவில்லை என்று சொல்ல எனக்கு நாக்குக் கூசாது, அட்டவணைக்காரியாக இருந்து நிறைய இடத்தில் 'கிடைக்கவில்லை' என்று எழுதிப் பழக்கம்தான். ஆனால் அப்படிச் சொன்னால் அந்த அத்தியாயம் அங்கேயே நிற்கும். அவரும் அதிலேயே நிற்பார்.

மல்லிகா அக்கா துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு அப்பா போகாம இல்ல. அம்மா சொல்லுவாங்க. ஹோட்டலுக்கு எதிரே டீக்கடைல புஸ்தகத்தோட உக்காந்திருந்தாராம். அந்தத் தொரை வெளிய வந்து, இங்கயும் அங்கயும் தேடிட்டு, கார்ல ஏறிப் போற வரைக்கும் உக்காந்து பாத்துட்டு வந்தாராம். ஏன்னு அம்மா கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லலையாம். இப்பத்தான் வெளங்குது."

நான் போன் போட்டேன். அங்கே காலை ஆறு மணி. பிரபு ஐந்துக்கே எழுந்துவிடுபவர். "அநேக ஆசீர்வாதம்" என்று எடுத்தார். படகின் இரைச்சலுக்கு மேல் கத்தி, துண்டில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் படித்தேன். டீக்கடை விஷயத்தையும் சொன்னேன். மறுமுனையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி அடங்க வெகுநேரம் ஆனது.

"கொடுத்திருந்தால் கீழ்ப்படிந்திருப்பேன்," என்றார். "அன்று என்னிடம் அதைக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாரே, அவர்தான் எனக்குத் தமிழ் கொடுத்தவர். அந்த அத்தியாயத்தில் அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்."

டோ யின் மோட்டாரை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். நேரமாகிவிட்டது. துண்டை ஆற்றில் விடப்போகிறார்கள் என்று பிரபுவிடம் சொன்னேன்.

"விடலாம். ஒரு விண்ணப்பம்," என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "என் தகப்பனார் அவர்களுக்கு இவ்விஷயம் தெரியவேண்டாம்."

அவருடைய தகப்பனார் காலமாகி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன்.